ஏழு வருஷக் கடன், பதிமூணு மாத ஆட்டக்காரர்

தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு அணி என்ன செய்ய வேண்டும்? இருக்கிற நல்ல ஆட்டக்காரர்களை விற்றுவிட்டு முதலிலிருந்து தொடங்குவதா? இல்லை, கையில் இருப்பதையெல்லாம் கொடுத்து ஒரு பெரிய நட்சத்திரத்தை வாங்கிப் பார்ப்பதா? அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி வந்தால் (டிரேட் செய்யக் கடைசி நாள் அந்த மாதத்தில்தான் வழக்கமாக வரும்) சில அணிகளாவது இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மண்டையைப் பிய்த்துக்கொள்ளும். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்வார்கள்.

என்னைக் கேட்டால், விற்பதா வாங்குவதா என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி வேறு. வாங்குகிற சரக்கு எத்தனை நாளைக்கு உழைக்கும்? அதற்காகக் கொடுக்கிற வாக்கு எத்தனை நாளைக்குக் கழுத்தைப் பிடிக்கும்? இந்தக் கணக்கைப் போடாமல் டிரேட் செய்த அணிகளின் கதை எல்லாம் ஒரே மாதிரிதான் முடிகிறது. இதற்கு புரூக்ளின் நெட்ஸை விட நல்ல உதாரணம் கிடையாது. ஏனென்றால் அவர்கள் இந்தக் காரியத்தை ஒரு தடவை இல்லை, எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு தடவை செய்தார்கள்.

என்.பி.ஏ. பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். (பார்ப்பவர்கள் ஒரு பத்தி தாண்டிப் போகலாம்.) ஐ.பி.எல். மாதிரி சில வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரையும் ஏலத்தில் விட்டுக் கணக்கைப் புதிதாக ஆரம்பிக்கும் வழக்கம் அங்கே இல்லை. புதிய ஆட்டக்காரர்கள் வருஷா வருஷம் டிராஃப்ட் வழியாக வருவார்கள். அணிகள் வரிசையாக ஆளுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். இதற்குப் பெயர் பிக். தோற்ற அணிகளுக்கு வரிசையில் முன்னால் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். யாருக்கு முதலிடம் என்பதை லாட்டரி போட்டு முடிவு செய்வார்கள். இந்த பிக் உரிமையை ஏழு வருஷம் முன்கூட்டியே இன்னொரு அணிக்குக் கொடுக்கலாம். அதாவது இன்னும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும் பையனை இன்றைக்கே விற்றுவிடலாம். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் இதுதான் விதைநெல்.

இனி கதைக்கு வருவோம்.

ரஷ்யக் கோடீஸ்வரர் மிகைல் புரோகோரோவ் 2010ல் நெட்ஸை வாங்கினார். ஐந்து வருஷத்துக்குள் சாம்பியன் ஆகிக் காட்டுவோம் என்று சொன்னார். 2012ல் அணி நியூ ஜெர்சியை விட்டு புரூக்ளினுக்குக் குடிபோனது. புது ஸ்டேடியம், புது ஜெர்ஸி, பக்கத்திலேயே நியூயார்க் நிக்ஸ் என்ற போட்டிக்கடை. கூட்டத்தை இழுத்தாக வேண்டிய கட்டாயம். அதே 2012 மார்ச்சில் ஜெரால்டு வாலஸ் என்ற ஆட்டக்காரருக்காக அந்த வருஷத்து பிக்கை போர்ட்லாண்டுக்குக் கொடுத்தார்கள். முதல் மூன்று இடத்துக்குள் விழுந்தால் தர மாட்டோம் என்ற நிபந்தனையோடுதான். அது ஆறாவது இடத்தில் விழுந்தது. அந்த பிக்கில் போர்ட்லாண்ட் எடுத்த பையன் பெயர் டேமியன் லில்லார்ட். போர்ட்லாண்டில் அவர் பதினோரு வருஷம் ஆடினார்.

இது வெறும் டிரெய்லர் :-)

2013 டிராஃப்ட் இரவில் பேசி முடித்து, ஜூலையில் கையெழுத்தானது மெயின் படம். பாஸ்டன் செல்டிக்ஸிடமிருந்து கெவின் கார்னெட்டும் பால் பியர்ஸும் நெட்ஸுக்கு வந்தார்கள். பெரிய பெயர்கள்தான், மறுப்பதற்கில்லை. 2008ல் பாஸ்டனுக்குச் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தவர்கள். ஆனால் அன்றைக்குக் கார்னெட்டுக்கு வயசு 37, பியர்ஸுக்கு 35. பதிலுக்கு நெட்ஸ் கொடுத்தது 2014, 2016, 2018 ஆகிய மூன்று வருஷ முதல் சுற்று பிக். அதோடு 2017ல் இரண்டு அணிகளின் பிக்கில் எது நல்லதோ அதைப் பாஸ்டன் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஸ்வாப் உரிமை. சம்பளக் கணக்கைச் சரிக்கட்ட அனுப்பிய ஆட்களில் அதே ஜெரால்டு வாலஸும் இருந்தார். லில்லார்டைக் கொடுத்து வாங்கிய ஆளை ஒன்றரை வருஷம்கூட வைத்துக்கொள்ளவில்லை.

அது ஏன் 2014, 16, 18 என்று ஒன்றுவிட்டு ஒன்று? அங்கேதான் விஷயம் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாண்ட் அணிக்கு டெட் ஸ்டெபியன் என்று ஒரு முதலாளி இருந்தார். கிடைத்தவர்களுக்கெல்லாம் பிக்கை அள்ளிக் கொடுத்து அணியை மொட்டையடித்தார். 1983ல் அணி கைமாறியபோது, புது முதலாளிகள் காசு கொடுத்துக் கூடுதல் பிக் வாங்கிக்கொள்ள லீக்கே வழி செய்து தர வேண்டியதாயிற்று. வரப்போகிற வருஷங்களில் அடுத்தடுத்து இரண்டு வருஷம் முதல் சுற்று பிக் இல்லாமல் போகும்படி எந்த அணியும் விற்கக் கூடாது என்ற விதி அவரால்தான் வந்தது. இன்றும் அதை ஸ்டெபியன் விதி என்றுதான் சொல்கிறார்கள்.

விதி ஒன்றுவிட்ட வருஷங்களைத்தான் விற்க விடுகிறது. அப்படியானால் நடுவில் உள்ள வருஷத்துக்கு? "விற்கவில்லை, மாற்றிக்கொள்கிறோம்" என்று ஸ்வாப் போடு! விதி மீறப்படவில்லை. ஆனால் விதி எதைத் தடுக்க வந்ததோ அது நடந்துவிட்டது. பழைய கடனின் வட்டியைக் கட்டப் புதுக் கடன் கொடுத்து, காகிதத்தில் கணக்கைப் பச்சையாக வைத்திருப்பதை நாங்கள் எவர்கிரீனிங் என்போம். இரண்டும் ஒரே குடும்பம்.

பலன் என்ன? 2013-14ல் 44 வெற்றி, 38 தோல்வி. முதல் சுற்றில் டொரண்டோவை ஏழு ஆட்டம் இழுத்து ஜெயித்தார்கள். அடுத்த சுற்றில் மயாமி ஐந்தே ஆட்டத்தில் கதையை முடித்தது. அந்த ஒரு சீசனுக்குச் சம்பள வரம்பை மீறியதற்கான வரி மட்டும் சுமார் 9 கோடி டாலர். 2014லேயே பியர்ஸ் வேறு அணிக்குப் போய்விட்டார். 2015 பிப்ரவரியில் கார்னெட்டும் போனார். சரக்கு தீர்ந்துவிட்டது. பாக்கி மட்டும் நின்றது.

2015-16ல் நெட்ஸ் ஜெயித்தது 21 ஆட்டம். அந்தத் தோல்விக்குக் கிடைத்த மூன்றாவது பிக் பாஸ்டனுக்குப் போனது. அவர்கள் எடுத்தது ஜேலன் பிரவுன். 2016-17ல் 20 ஆட்டம்தான். லீக்கிலேயே கடைசி. லாட்டரியில் முதலிடமே விழுந்தது. அதுவும் பாஸ்டனுக்கு. அவர்கள் அதை ஃபிலடெல்பியாவிடம் கொடுத்து மூன்றாவது இடத்தையும் இன்னொரு பிக்கையும் வாங்கி, ஜேசன் டேட்டமை எடுத்தார்கள். 2024ல் பாஸ்டன் சாம்பியன் ஆனபோது அணியின் இரண்டு தூண்கள் இவர்கள்தான். இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது பிரவுனுக்கு. புரூக்ளின் தோற்ற தோல்வியெல்லாம் பாஸ்டனில் போய்க் கோப்பையாக முளைத்தது.

கட்டின வீட்டுக்குப் பழுது சொல்வது சுலபம்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இதற்கு ஜோசியம் தேவையில்லை. பழைய லாரி வாங்க ஒருவர் கடன் கேட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் புதிதாகச் சேர்ந்த ஆபீசர்கூட லாரியின் வயசையும் கடன் தவணையையும் கூட்டிப் பார்ப்பார். இரண்டு வருஷத்தில் உட்கார்ந்துவிடும் வண்டிக்கு ஐந்து வருஷத் தவணை கொடுக்க மாட்டார். பொருளின் ஆயுள் கடனின் ஆயுளைவிட நீளமாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் விதி. 37 வயசு ஆட்டக்காரருக்கு 2018 வரை தவணை கட்ட ஒத்துக்கொண்டது இந்தக் கணக்கில் தேறவே தேறாது. கார்னெட் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. லாரி மேல் என்ன தப்பு?

சரி, இவ்வளவு எளிய கணக்கு அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே செய்வார்கள். காரணம், தவணை வரும்போது அந்த நாற்காலியில் வேறு ஆள் இருப்பார்.

விதர்பா பக்கம் நான் வேலை பார்த்த ஒரு கிளையில் ஒரு பருத்தி ஜின்னிங் மில் கணக்கு இருந்தது. மார்ச் மாத டார்கெட்டுக்காக ஒரு மேனேஜர் பெரிய தொகையாகக் கொடுத்துவிட்டுப் பாராட்டோடு மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் தவணையைத் தள்ளிவைத்துத் தன் மூன்று வருஷத்தை ஓட்டினார். மூன்றாவதாகப் போய் உட்கார்ந்தவன் நான். கணக்கு வாராக்கடன் ஆனது என் காலத்தில். முதலாமவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, கொஞ்சம் திட்டு வாங்கினேன், அவ்வளவுதான். அடி விழுந்தது வேறு ஆளுக்கு. கிளையின் கடன் கொடுக்கும் அதிகாரத்தைக் குறைத்துவிட்டார்கள். பக்கத்து ஊர் விவசாயி டிராக்டர் கடனுக்கு மண்டல அலுவலகத்தின் பதிலுக்காக மாதக்கணக்கில் நடக்க வேண்டி வந்தது. அவருக்கும் அந்த மில்லுக்கும் என்ன சம்பந்தம்?

நெட்ஸிலும் இதேதான். 2013 டிரேடைச் செய்த ஜெனரல் மேனேஜர் பில்லி கிங் 2016 ஜனவரியில் அந்தப் பதவியை விட்டுப் போனார். முதலாளியும் பின்னர் அணியை நல்ல விலைக்கு விற்றுவிட்டார். தவணை கட்டியது டிக்கெட் வாங்கிய ரசிகர்.

ஆனால் இந்த இருட்டில்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. 2016 பிப்ரவரியில் பொறுப்பேற்றவர் ஷான் மார்க்ஸ், நியூசிலாந்துக்காரர். கையில் நல்ல பிக் இல்லை. தோற்றாலும் லாபம் இல்லை, பலன் பாஸ்டனுக்கு. அதனால் தோற்க ஒரு காரணமும் இல்லை! மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? தடியஸ் யங்கைக் கொடுத்து 20வது பிக்கை வாங்கி காரிஸ் லெவர்ட்டை எடுத்தார். வாஷிங்டனிடமிருந்து வாங்கிய 22வது பிக்கில் ஜேரட் ஆலன். மற்ற அணிகள் கழித்துக்கட்ட நினைத்த பெரிய சம்பளக்காரர்களைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அதற்குக் கூலியாக இளம் ஆட்டக்காரர்களையும் பிக்கையும் வாங்கினார். டி ஆஞ்சலோ ரஸ்ஸல் அப்படி வந்தவர்தான். யாரும் சீந்தாத ஸ்பென்சர் டின்விடி, ஜோ ஹாரிஸ் போன்றவர்களைக் கூட்டிவந்து ஆட வைத்தார். பயிற்சியாளர் கென்னி அட்கின்சன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். 20 வெற்றி, அடுத்து 28, 2018-19ல் 42. பிளேஆஃப்புக்கே போய்விட்டார்கள்.

நான் பார்த்த ரீபில்டிங்கில் இது மேலானது என்பேன். ரீபில்டிங் என்றால் தோற்பது என்று ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. ஃபிலடெல்பியா 2013லிருந்து மூன்று சீசன் 19, 18, 10 வெற்றி என்று தோற்றுக் காட்டியது. ஜோயல் எம்பீட் கிடைத்தார், 2023ல் எம்.வி.பி.யும் ஆனார். ஆனால் அந்த விதைப்பிலிருந்து கோப்பை வரவில்லை. அந்தத் திட்டத்தைப் போட்ட சாம் ஹின்கியும் அறுவடைக்கு முன்பே, 2016 ஏப்ரலில் ராஜினாமா செய்தார். தோற்பதற்குக் கிடைக்கும் கூலியையும் லீக் குறைத்துவிட்டது. 2019லிருந்து கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் பிக் விழும் வாய்ப்பு சமமாக 14 சதவீதம்தான். 2025ல் 17 ஆட்டம் மட்டும் ஜெயித்துக் கடைசியாக வந்த யூட்டாவுக்கு ஐந்தாவது பிக். 1.8 சதவீத வாய்ப்பு வைத்திருந்த டாலஸுக்கு முதல் பிக். தோல்வியை முதலீடாக நினைப்பவர்கள் இந்த வரியை எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

இப்படி அழகாகக் கட்டிய வீட்டை நெட்ஸ் என்ன செய்தது? அதுதான் இரண்டாவது கதை.

2019 கோடையில் கெவின் டியூரண்ட்டும் கைரி இர்விங்கும் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள். கட்டிய வீடு நன்றாக இருந்ததால் வந்தார்கள், அதுவரை சரி. 2021 ஜனவரியில் ஆசை பெருகியது. ஹூஸ்டனிலிருந்து ஜேம்ஸ் ஹார்டன் வேண்டும். விலை? ஆலன், லெவர்ட் இருவரும் போனார்கள். 2022, 2024, 2026 பிக். 2021, 2023, 2025, 2027 ஸ்வாப். பழைய பாட்டையே திரும்பப் பாடுகிற மாதிரி இல்லை? ஒன்றுவிட்டு ஒன்று பிக், நடுவில் ஸ்வாப். ஏழு வருஷம் முழுசாக அடமானம்.

ஹார்டன் புரூக்ளினில் இருந்தது பதிமூணு மாதம். மூன்று நட்சத்திரங்களும் லீக் ஆட்டங்களில் சேர்ந்து இறங்கியது மொத்தம் 16 முறை. 2021ல் மில்வாக்கிக்கு எதிராக ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடிகளில் டியூரண்ட் அடித்த பந்து மூன்று புள்ளியாக இருந்திருந்தால் கதை மாறியிருக்கும். காலின் நுனி கோட்டை மிதித்திருந்தது. இரண்டு புள்ளிதான். கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். 2022 பிப்ரவரியில் ஹார்டன் போனார். 2023 பிப்ரவரியில் இர்விங்கும் டியூரண்ட்டும் போனார்கள்.

"அதிர்ஷ்டம் இல்லை, காயம் வந்துவிட்டது" என்பார்கள். உண்மைதான். ஆனால் அதிர்ஷ்டம் இருந்திருந்தாலும் கணக்கு தப்புதான். வாங்கிய அன்று ஹார்டனின் ஒப்பந்தத்தில் நிச்சயமாக இருந்தது அடுத்த சீசன் வரைதான். அதற்கு மேல் இருப்பதும் போவதும் அவர் விருப்பம். கொடுத்த வாக்கோ 2027 வரை. இந்தத் தடவை கையெழுத்துப் போட்ட மார்க்ஸ் நாற்காலியை விட்டு ஓடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல ஆபீசரும் பெரிய பார்ட்டி வாசலில் வந்து நின்றால் தடுமாறுவார் என்பதற்கு அவரே சாட்சி.

நட்சத்திரத்துக்காக விதைநெல்லைக் கொடுக்கவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். நாளைய பலாக்காயைவிட இன்றைய களாக்காய் மேல் என்று நம்மவர்கள் சும்மா சொல்லவில்லை. 2018ல் டொரண்டோ ஒரே வருஷ ஒப்பந்தம் மிச்சமிருந்த காவாய் லெனார்டை வாங்கியது. அதற்காகக் கொடுத்த முதல் சுற்று பிக் ஒன்றே ஒன்று, அதுவும் நிபந்தனையோடு. 2019ல் சாம்பியன். அவர் போய்விட்டார், ஆனால் பாக்கி ஒன்றும் தொங்கவில்லை. மில்வாக்கி 2020ல் ஜ்ரூ ஹாலிடேக்காக மூன்று பிக்கும் இரண்டு ஸ்வாப்பும் கொடுத்தது. பெரிய விலைதான். ஆனால் அதனால் 26 வயசு யானிஸ் இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டார். 2021ல் கோப்பை. குறுகிய சரக்குக்குச் சின்ன விலை, நீண்ட சரக்குக்குப் பெரிய விலை. ஆயுள் பொருந்தியது.

பொருந்தாத பக்கம் நின்று வாங்கிக்கொண்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு ஓக்லஹோமா சிட்டி. 2019ல் பால் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து, ஷேய் கில்ஜியஸ் அலெக்ஸாண்டர் என்ற இரண்டாம் வருஷத்துப் பையனையும் ஐந்து முதல் சுற்று பிக்கையும் வாங்கினார்கள். அதில் ஒரு பிக் 2022ல் 12வது இடத்தில் ஜேலன் வில்லியம்ஸாக மாறியது. நடுவில் 2021 டிசம்பரில் மெம்ஃபிஸிடம் 73 புள்ளி வித்தியாசத்தில் தோற்றுச் சரித்திரத்தில் இடம்பிடித்த அவமானமும் உண்டு. 2024-25ல் 68 வெற்றி, சாம்பியன் பட்டம். ஜார்ஜ் 2024லேயே கிளிப்பர்ஸை விட்டுப் போய்விட்டார். 2026 பிக் பாக்கி அதற்கு அப்புறமும் நின்றது. ஓக்லஹோமாவின் சாம் பிரெஸ்டி, அணி சியாட்டிலில் இருந்த 2007லிருந்து அதே வேலையில் இருப்பவர். அவர் போட்ட விதைக்கு அவரே தண்ணீர் ஊற்றினார். மூன்று வருஷ மாற்றல் இல்லை!

நெட்ஸ் இப்போது மூன்றாவது முறையாகக் கட்டுகிறது. 2024 ஜூனில் மிக்கால் பிரிட்ஜஸை நிக்ஸுக்கு விற்று ஐந்து முதல் சுற்று பிக் வாங்கினார்கள். அதே சமயம் டியூரண்ட் டிரேடில் ஃபீனிக்ஸிடமிருந்து வந்த சில உரிமைகளை ஹூஸ்டனுக்குக் கொடுத்து, தங்களுடைய சொந்த 2025, 2026 வருஷங்களை மீட்டார்கள். அடகு நகையை மீட்ட மாதிரி. 2025 டிராஃப்டில் முதல் சுற்றிலேயே ஐந்து பேரை எடுத்தார்கள். அதற்கு முன் எந்த அணியும் ஒரே வருஷத்தில் அப்படி எடுத்ததில்லை.

நகையை மீட்டது நல்ல காரியம். ஆனால் எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. சொந்த பிக் கைக்கு வந்ததும் தோல்விக்கு மறுபடி ஒரு விலை வந்துவிட்டது. 2016ல் தோற்க வழியில்லாததால்தான் உருப்படியாக வேலை செய்தார்கள். இப்போது தோற்க வழி இருக்கிறது. ஐந்து பையன்களை எடுத்துவிட்டு, தோற்பதற்கென்றே களத்தில் இறக்கினால் அவர்கள் கற்றுக்கொள்வது அதைத்தான்.

அதைவிடப் பெரிய பயம், அடுத்த பெரிய பார்ட்டி. இந்தப் பையன்களில் இரண்டு பேர் தேறி அணி 42 ஆட்டம் ஜெயிக்க ஆரம்பிக்கும்போது, எங்கேயோ ஒரு நட்சத்திரம் மனசு சரியில்லை என்று கிளம்புவார். அப்போது போனை எடுப்பவர் அந்த நட்சத்திரத்தின் புள்ளிவிவரத்தைப் பார்ப்பதற்கு முன் ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு எண் எழுதட்டும். இவர் எத்தனை வருஷம் நிச்சயமாக இருப்பார்? நான் எத்தனை வருஷத்தைக் கொடுக்கிறேன்? இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் போனைக் கீழே வைத்துவிடலாம்.

மூன்றாவதாக ஒரு எண்ணும் எழுதலாம். நான் இந்த நாற்காலியில் இன்னும் எத்தனை வருஷம்? அது முக்கியமில்லை என்பவரிடம் கையெழுத்துப் போடும் பேனாவைக் கொடுக்காதீர்கள், அது கூடைப்பந்து அணியாக இருந்தாலும் சரி, வேறு எதுவாக இருந்தாலும் சரி.

பி.கு.: புரூக்ளின் இரவு ஆட்டம் நமக்குக் காலை ஆறு மணி. பால் பாக்கெட் வாங்கிவந்து டீ போட்டுக்கொண்டு பார்க்கத் தோதான நேரம். தோற்கிற அணியைப் பார்த்துப் பழகுங்கள், அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது :-)